பெரியப்பாவுக்கு 1.3, அம்மாவுக்கு 1.1: இதுல யாரோட கிட்னிய நெனச்சு கவலைப்படணும்?

நீங்க கேட்டத மொதல்ல சுருக்கமா சொல்லிடறேன், படிக்கிறவங்களுக்கும் புரியணும்ல. ஏற்காட்டுல நாகலூர் போற வழியில இருக்குற உங்க அம்மாவுக்கு (62 வயசு, 48 கிலோ, காபி எஸ்டேட் வேலை) வால்வு ஆபரேஷன், செவ்வாய்ப்பேட்டையில இருக்குற பெரியப்பாவுக்கு (64 வயசு, 78 கிலோ) பைபாஸ், ரெண்டும் ஒரே மாசத்துல நடந்திருக்கு. ரெண்டு பேருக்குமே மூணாம் நாள் கிட்னி அடி வாங்கிருச்சு, அம்மாவுக்கு கிரியேட்டினின் (கிட்னி வெளிய அனுப்ப வேண்டிய கழிவு, ரத்தத்துல அது ஏறுனா கிட்னி தடுமாறுதுன்னு அர்த்தம்) 0.7ல இருந்து 1.6க்கு போச்சு, பெரியப்பாவுக்கு 1.1ல இருந்து 2.2. இப்ப வீட்டுக்கு வந்து மூணு வாரம் ஆச்சு, அம்மாவுக்கு 1.1, லேப் பேப்பர்ல நார்மல்னு போட்ருக்கான், பெரியப்பாவுக்கு 1.3, பக்கத்துல தடிச்ச எழுத்துல ஹெச்னு (ஹை, அதாவது ஜாஸ்தி) போட்ருக்கான். அதனால வீட்ல எல்லாரும் பெரியப்பாவ சுத்தி உக்காந்துட்டு இருக்காங்க, அம்மா ரசம் வைக்க ஆரம்பிச்சிட்டாங்க. "பொம்பளைங்களுக்கு கிட்னி சீக்கிரம் தேறிடுமாமே, நெசமா?"ன்னு கேட்டீங்க.

உங்க கேள்விய படிச்சதும் எனக்கு பெரியப்பா ஞாபகமே வரல, அம்மாதான் வந்தாங்க. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

நான் டாக்டர் இல்லீங்க, பெர்ஃபியூஷனிஸ்ட். ஆபரேஷன் நடக்கும்போது ஹார்ட்ட நிறுத்தி வச்சிருக்குற நேரத்துல ரத்தத்த ஒடம்பு பூரா ஓட்டுற மிஷின் இருக்குல்ல, அத ஓட்டுறவன். சேலத்துலயே 14 வருஷமா இதான் பொழப்பு. அதனால மருந்து மாத்திரைய மாத்துங்கன்னு சொல்ற வேலை என்னுது கெடையாது, அது உங்க டாக்டரோடது. ஆனா ஆபரேஷன்ல கிட்னி எங்க அடி வாங்குது, அந்த அடி ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் எப்படி வேற வேற மாதிரி விழுது, இத மிஷின் பக்கத்துல நின்னு பாத்தவன்ங்கற முறையில சொல்லலாம்.

கிரியேட்டினின்ங்கறது சதையில இருந்து வர்ற கழிவு. சதை ஜாஸ்தி இருந்தா கிரியேட்டினின் ஜாஸ்தி உற்பத்தி ஆகும், கம்மியா இருந்தா கம்மி. கிட்னி அத வடிகட்டி வெளிய அனுப்புது. அப்ப ரத்தத்துல நிக்கிற நம்பர் கிட்னிய மட்டும் சொல்றதில்ல, சதையயும் சேர்த்துதான் சொல்லுது. 78 கிலோ ஆம்பளை ஒடம்புல 1.1ங்கறதும் 48 கிலோ பொம்பளை ஒடம்புல 1.1ங்கறதும் ஒண்ணு கெடையாது. லேப்காரன் பேப்பர்ல 0.6ல இருந்து 1.2 வரைக்கும் நார்மல்னு எல்லாருக்கும் ஒரே அச்சுல அடிச்சு வச்சிருப்பான் (சில லேப்ல ஆம்பளை பொம்பளைக்கு தனித்தனியா போடுவாங்க, அது நல்ல லேப்பு), அந்த அச்சுக்குள்ள விழுந்துட்டா ஹெச் வராது, ஹெச் வரலன்னா வீட்ல யாரும் கவலைப்பட மாட்டாங்க.

சரி, இத ஒரு கணக்கா போட்டு பாக்கலாம். வயசு, ஆணா பொண்ணா, கிரியேட்டினின் மூணையும் வச்சு கிட்னி எவ்வளவு வேலை செய்யுதுன்னு கணக்கு போடுற ஃபார்முலா இருக்கு, ஈஜிஎஃப்ஆர்னு ரிப்போர்ட்ல பாத்திருப்பீங்க, 2021ல அத புதுசா திருத்தி வெளியிட்டாங்க. அந்த ஃபார்முலாவுல உங்க பெரியப்பா நம்பரப் போட்டா ஆபரேஷனுக்கு முன்னாடி 75, இப்ப 61. அம்மாவுக்கு முன்னாடி 98, இப்ப 57. நல்லா பாருங்க. ஹெச் போட்ட மனுஷனுக்கு 14 கொறைஞ்சிருக்கு, நார்மல்னு போட்ட அம்மாவுக்கு 41 கொறைஞ்சிருக்கு. கிரியேட்டினின் ஏறி எறங்கிட்டு இருக்குற நேரத்துல இந்த ஃபார்முலா துல்லியமா வராது, அதனால 57ஐயே புடிச்சு தொங்க வேணாம், ஆனா யாரு எவ்வளவு தூரம் கீழ வந்திருக்காங்கங்கறது தெரிஞ்சு போச்சுல்ல.

இன்னொரு விதமாவும் பாக்கலாம். உலகம் பூரா டாக்டருங்க கிட்னி அடிய அளக்க பயன்படுத்துற விதி ஒண்ணு இருக்கு, கேடிகோன்னு சொல்வாங்க, 2012ல வந்துச்சு. 48 மணி நேரத்துல கிரியேட்டினின் 0.3 ஏறுனாலோ, ஒரு வாரத்துக்குள்ள பழைய அளவுல இருந்து ஒன்றரை மடங்கு ஆனாலோ, ஒண்ணுக்கு போற அளவு ஆறு மணி நேரம் கொறைஞ்சே இருந்தாலோ அது கிட்னி அடின்னு கணக்கு. ரெண்டு மடங்குன்னா ரெண்டாவது கட்டம், மூணு மடங்குன்னா மூணாவது. உங்க வீட்ல ரெண்டு பேரும் ரெண்டாவது கட்டத்துக்குத்தான் போயிருக்காங்க, அம்மா 2.3 மடங்கு, பெரியப்பா சரியா 2 மடங்கு. இன்னைக்கு தேதிக்கு பெரியப்பா தன்னோட பழைய அளவுக்கு 1.2 மடங்குல நிக்கிறார், கிட்டத்தட்ட வீடு வந்து சேர்ந்த மாதிரி. அம்மா இன்னும் 1.57 மடங்கு. அதாவது அடிவாரத்துல இருந்து பஸ் கெளம்புச்சு, ஆனா இருபது கொண்டை ஊசி வளைவுல பாதிதான் ஏறியிருக்கு.

இதுல இன்னொரு சங்கடமும் இருக்கு. ஆபரேஷன் முடிஞ்சு ஐசியூவுல படுத்து, சாப்பிடாம கொள்ளாம, வீட்டுக்கு வந்து ஒரு மாசம் ஒக்காந்தே இருந்தா சதை கரையும். அம்மா நாலு கிலோ கொறைஞ்சிட்டாங்கன்னு எழுதியிருந்தீங்க. சதை கொறைஞ்சா கிரியேட்டினின் உற்பத்தியே கொறையும், கிட்னி தேறாமலேயே நம்பர் கீழ எறங்கும். அதனால 1.6ல இருந்து 1.1 வந்ததுல கொஞ்சம் கிட்னியோட உழைப்பு, கொஞ்சம் சதை போனதோட கணக்கு. ஏற்கனவே ஒல்லியா இருக்குறவங்களுக்கு இந்த ஏமாத்து இன்னும் பெருசா தெரியும். ரொம்ப சந்தேகமா இருந்தா சிஸ்டாட்டின் சின்னு ஒரு டெஸ்ட் இருக்கு, அது சதைய நம்பி இருக்குறது இல்ல, கொஞ்சம் காசு ஆகும், எல்லா லேப்லயும் எடுக்க மாட்டாங்க, டாக்டர்கிட்ட கேட்டுப் பாருங்க.

இப்ப ஆபரேஷன் தியேட்டருக்குள்ள வாங்க, என் ஏரியா.

ஹார்ட்-லங் மிஷின் குழாய்ல காத்து இருக்கக்கூடாது, அதனால ஆபரேஷன் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே அதுக்குள்ள திரவம் ஊத்தி நெரப்பி வைப்போம், ப்ரைம்னு சொல்வோம், சாதாரணமா ஒண்ணுல இருந்து ஒன்றரை லிட்டர். பம்ப ஆன் பண்ணுன ஒடனே அந்த திரவம் பூரா பேஷன்ட் ரத்தத்தோட கலக்கும். பெரிய பானை மோர்ல ஒரு சொம்பு தண்ணி ஊத்துனா ஒண்ணும் தெரியாது, சின்ன பாத்திரத்து மோர்ல அதே ஒரு சொம்பு ஊத்துனா நீர் மோர்தான். இங்கயும் அதே கததான். பெரியப்பா ஒடம்புல அஞ்சரை லிட்டர் கிட்ட ரத்தம் இருக்கும், ஹீமோகுளோபின் 14ன்னு வச்சுக்கங்க, பிசிவி (ரத்தத்துல சிவப்பணு எத்தனை சதவீதம்ங்கற நம்பர்) 42, அதுல 1.2 லிட்டர் ப்ரைம் கலந்தா 34 கிட்ட வந்து நிக்கும், நான் நிம்மதியா டீ குடிச்சிட்டு வந்த மாதிரி உக்காந்திருப்பேன். அம்மா ஒடம்புல மூணு லிட்டர் சொச்சம், நீங்க எழுதுன ஹீமோகுளோபின் 9.6, பிசிவி 29 இருக்கும், அதே 1.2 லிட்டர் கலந்தா 21. அந்த நம்பர் மானிட்டர்ல வந்தா நான் சீட் நுனிக்கு வந்துருவேன், மயக்க டாக்டர் என்னை பாப்பார், நான் அவர பாப்பேன், "ரத்தம் போடலாமா"ன்னு ஆரம்பிச்சிரும்.

ஏன் பதட்டம்னா, கிட்னியோட உள்பகுதி எப்பவுமே ஆக்ஸிஜன் பத்தாக்குறையிலயே ஓடிட்டு இருக்குற எடம், மாசக் கடைசி சம்பளக்காரன் மாதிரி. ரத்தம் தண்ணியா போனா மொதல்ல தவிக்கிறது அதான். ரத்தம் ஏத்துனா சரியாயிடுமேன்னு நெனைப்பீங்க, ஏத்துறதும் தனியா ஒரு ரிஸ்க்தான், ரத்தம் ஏத்துனவங்களுக்கு கிட்னி அடி அதிகம்னு திரும்பத் திரும்ப பாத்திருக்காங்க. அதனால இப்பல்லாம் சின்ன ஒடம்புக்கு சின்ன குழாய் செட் போட்டு ப்ரைம கொறைக்கிறது, பேஷன்டோட சொந்த ரத்தத்த வச்சே குழாய நெரப்பி அந்த திரவத்த வெளிய தள்ளுறது, ஒரு நிமிஷத்துக்கு ஒடம்புக்கு எவ்வளவு ஆக்ஸிஜன் போகுதுன்னு கணக்கு பண்ணி அது ஒரு அளவுக்கு கீழ போகாம பம்ப் வேகத்த ஏத்துறதுன்னு நெறைய செய்றோம்.

ஆக அம்மாவுக்கு கிட்னி அடி வாங்குனதுல கர்ப்பப்பை, ஹார்மோன்னு எதையும் தேட வேணாம், சின்ன ஒடம்பு, ரத்தசோகை, இது ரெண்டே போதும். 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல கணக்கெடுப்புல 15ல இருந்து 49 வயசு பொம்பளைங்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, அதே வயசு ஆம்பளைங்கள்ல 25 சதவீதம். நம்ம ஊர்ல ஆபரேஷன் டேபிளுக்கு வர்ற பொம்பளைங்கள்ல எத்தனை பேர் 9, 10 வச்சுட்டு வர்றாங்கன்னு எனக்கு தெரியும். அவசரம் இல்லாத ஆபரேஷனா இருந்தா முன்னாடியே சில வாரம் இரும்புச்சத்து குடுத்து ஏத்திட்டு வரலாம், ஆனா வால்வு கேஸ் பொம்பளைங்க பெரும்பாலும் மூச்சு வாங்கி, கால் வீங்கி, மாடிப்படி ஏற முடியாம, "வயசானா அப்படித்தான்"னு ரெண்டு மூணு வருஷம் ஓட்டிட்டு கடைசியிலதான் வருவாங்க. சின்ன வயசுல வந்த ருமாட்டிக் காய்ச்சல் வால்வ சுருக்கிடும், அந்த மைட்ரல் வால்வு சுருக்கம் பொம்பளைங்களுக்குத்தான் ஜாஸ்தி. எஸ்டேட்ல கூடை தூக்கிட்டு சரிவுல ஏறும்போது மூச்சு வாங்குனா யாருதான் ஹார்ட்டுன்னு நெனைப்பா.

பொம்பளைங்களுக்கு சீக்கிரம் தேறிடுமான்னு கேட்டீங்கல்ல, அதுலயும் கொஞ்சம் உண்மை இருக்கு, அது ஹார்மோன் சமாச்சாரம். எலிகள வச்சு பண்ணுன சோதனையில ரத்த ஓட்டத்த நிறுத்தி திருப்பி விட்டா பெட்டை எலியோட கிட்னி ஆண் எலியோடத விட நல்லா தாங்குது, ஆண் எலிக்கு விரை எடுத்துட்டா அதுவும் நல்லா தாங்குது, அதாவது ஆண் ஹார்மோன்தான் அங்க வில்லன். "பொம்பளைங்களுக்கு சீக்கிரம் தேறிடும்"ங்கற பேச்சு இங்க இருந்துதான் கெளம்பியிருக்கும்னு நெனைக்கிறேன். ஆனா அம்மாவுக்கு 62, மாதவிடாய் நின்னு எத்தனையோ வருஷம் ஆச்சு, அந்த எலிக்கணக்கு இங்க செல்லாது.

மனுஷங்கள வச்சு பாத்த ஆராய்ச்சிகளும் ஒரே மாதிரி பேசல. 2005ல அமெரிக்காவுல கிளீவ்லேண்ட் கிளினிக்ல ஒரு ஸ்கோர் போட்டாங்க, ஹார்ட் ஆபரேஷனுக்கு அப்புறம் யாருக்கு டயாலிசிஸ் தேவைப்படும்னு முன்கூட்டியே சொல்ல, அதுல பொண்ணா பொறந்ததுக்கே ஒரு மார்க், ரிஸ்க் மார்க்! பின்னாடி வந்த ஆராய்ச்சியில வயசு, ரத்தசோகை, ஆரம்பத்துல கிட்னி எப்படி இருந்துச்சு, இதெல்லாம் கணக்குல எடுத்ததும் அந்த வித்தியாசம் சுருங்கிருச்சு, சிலதுல ஆம்பளைங்க பக்கமே சாஞ்சிருச்சு. என் அபிப்பிராயம் என்னன்னா, "பொம்பளை கிட்னி"ன்னு தனியா ஒரு பலவீனம் கெடையாது, பொம்பளைங்க எந்த நிலைமையில டேபிளுக்கு வர்றாங்க, அப்புறம் அவங்கள யாரு பாத்துக்குறா, இதுலதான் முக்காவாசி வித்தியாசம்.

கிட்னி அடிங்கறது அபூர்வமும் கெடையாது. 2024ல 3,511 ஹார்ட் ஆபரேஷன் பேஷன்டுகள வச்சு ஒரு பெரிய சோதனை வந்துச்சு, அமினோ அமிலத்த நரம்பு வழியா ஏத்துனா கிட்னி தப்பிக்குமான்னு பாத்தாங்க, ஏத்துனவங்கள்ல 26.9 சதவீதம், ஏத்தாதவங்கள்ல 31.7 சதவீதம் பேருக்கு கிட்னி அடி. அதாவது நல்ல ஆஸ்பத்திரிங்கள்லயே மூணுல ஒருத்தர் கிட்ட. பெரும்பாலும் லேசான அடிதான், தேறிடுவாங்க. அதனால உங்க ஆஸ்பத்திரி ஏதோ சொதப்பிட்டாங்கன்னு ஒடனே முடிவு கட்ட வேணாம்.

ஐசியூவுல நாங்க கிரியேட்டினினுக்கு காத்துட்டு இருக்க மாட்டோம், அது ஒரு நாள் ரெண்டு நாள் லேட்டாத்தான் ஏறும். கட்டிலுக்கு கீழ தொங்குற ஒண்ணுக்கு பைதான் மொத தகவல். அதுல மணிக்கணக்கு அளக்க சின்னதா ஒரு டப்பா இருக்கும், சிஸ்டர் ஒவ்வொரு மணியும் குனிஞ்சு பாத்து எழுதுவாங்க. ஒரு கிலோ எடைக்கு மணிக்கு அரை மில்லியாவது வரணும், அம்மாவுக்கு 24 மில்லி, பெரியப்பாவுக்கு 39. ஒரு தடவை ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு கேஸ் முடிச்சிட்டு போகும்போது பாத்தேன், ஒல்லியா ஒரு பாட்டி, டப்பாவுல 20 கோட்டுக்கிட்ட காபி டிகாஷன் கலர்ல நின்னுட்டு இருந்துச்சு, அப்படியே மூணு மணி நேரமா. புதுசா வந்த பையன் "20 வருதே சார், கொஞ்சமா இருந்தாலும் வருது"ன்னான். அந்த சிஸ்டர் ஒண்ணும் பேசல, பேஷன்ட் எடைய ஃபைல் மேல பேனாவுல பெருசா 46ன்னு எழுதி வச்சாங்க. அவ்வளவுதான், அவனுக்கு புரிஞ்சிருச்சு.

இப்ப வீட்டுக்கு வருவோம், கிட்னி தேறுறதும் தேறாததும் பாதி இங்கதான் முடிவாகுது.

எங்க அத்தை கத சொல்றேன். அவங்களுக்கும் வால்வு மாத்துனது, அவங்களுக்கும் கிட்னி அடி வாங்கி கிரியேட்டினின் எறங்கிட்டு இருந்துச்சு. ரெண்டாவது மாசம் முட்டி வலின்னு பக்கத்து மெடிக்கல்ல கேட்ருக்காங்க, அவன் பேப்பர்ல மடிச்சு பத்து மாத்திரை குடுத்திருக்கான், என்ன மாத்திரைன்னு அட்டை கூட இல்ல. அஞ்சாவது நாள் மொகம் வீங்கி வந்து நிக்கிறாங்க, கிரியேட்டினின் 2.4. டைக்ளோஃபெனாக் வகை மாத்திரை. என் வீட்லயே நான் சொல்லி வைக்கல பாருங்க, ஊருக்கெல்லாம் உபதேசம். அந்த வகை வலி மாத்திரை (டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென்) கிட்னிக்கு போற ரத்தத்த கொறைக்கும், வால்வுக்காக ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு வயித்துல ரத்தக்கசிவும் வரும். அத்தைக்கு மறுபடி எறங்குச்சு, ஆனா பழைய 0.8க்கு வரவே இல்ல, 1.2லயே நின்னு போச்சு. வலின்னா பாராசிட்டமால், அதுவும் டாக்டர கேட்டு. பேரு தெரியாத லேகியம், பஸ்பம் எதுவும் வேணாம்.

அம்மாவுக்கு ராமிப்ரில், டெல்மிசார்ட்டான் மாதிரி பிரஷர் மாத்திரை இருந்தா, வாந்தி பேதி வந்த அன்னைக்கு அத சாப்பிடலாமா நிறுத்தலாமான்னு டாக்டர்கிட்ட இப்பவே கேட்டு எழுதி வாங்கி வச்சுக்கங்க, ராத்திரி பேதி ஆரம்பிச்சப்புறம் ஏற்காட்டுல இருந்து யாரப் போயி கேப்பீங்க. தண்ணி விஷயமும் அப்படித்தான், ஹார்ட்டுக்காக ஒரு நாளைக்கு இவ்வளவுன்னு அளவு சொல்லியிருப்பாங்க, அந்த அளவுக்கு மேலயும் வேணாம், கீழயும் வேணாம். எஸ்டேட் வேலைக்கு போற பொம்பளைங்க ஒதுங்க எடம் இல்லன்னு காலையில இருந்து சாயந்தரம் வரைக்கும் தண்ணியே குடிக்காம இருந்து பழகிட்டாங்க, அந்த பழக்கம் வீட்ல ஒக்காந்திருக்கும்போதும் விடாது, நீங்கதான் பாட்டில்ல கோடு போட்டு குடுக்கணும். எளநி, ஆரஞ்சு, பலா இதெல்லாம் ரத்தத்துல பொட்டாசியம் அளவு பாத்துட்டுத்தான். சேலம் மல்கோவா சீசன்ல பெரியப்பா ஆசப்படுவார், ஒரு துண்டுக்கு அவர் டாக்டரே ஒத்துப்பார்னு நெனைக்கிறேன், சுகர் இல்லன்னா.

முக்கியமா, கிட்னி அடி வாங்குனவங்கள மூணு மாசம் கழிச்சு திருப்பி பாக்கணும்னு அந்த கேடிகோ விதியிலயே இருக்கு. மூணு மாசத்துக்குள்ள தேறுனா தேறுச்சு, மூணு மாசம் தாண்டியும் கொறைவாவே நின்னுட்டா அதுக்கு பேரு நாள்பட்ட கிட்னி நோய், அப்புறம் வேற வைத்தியம், வேற கவனிப்பு. அப்ப கிரியேட்டினினோட சேர்த்து ஒண்ணுக்குல புரதம் போகுதான்னும் பாக்கணும். பெரியப்பாவ நீங்க சொல்லாமலே கூட்டிட்டு போயிருவாங்க, அதான் ஹெச் இருக்கே. அம்மா "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன், பஸ்சுக்கு தண்டச் செலவு"ன்னு சொல்லுவாங்க. இது உங்க வீட்டு கத மட்டும் இல்ல. 1995ல இருந்து 2021 வரைக்கும் இந்தியாவுல நடந்த 36,640 உறுப்பு மாற்று ஆபரேஷன்ல பொம்பளைங்களுக்கு கெடச்சது 6,945 தான், உயிரோட இருக்கும்போது உறுப்பு குடுத்தவங்கள்ல பெரும்பாலும் பொம்பளைங்க. குடுக்குறதுக்கு இருக்குற கிட்னி, பாத்துக்குறதுக்கு இல்லாம போயிருது.

சேலம் ஜிஎச்ல யூரியா கிரியேட்டினின் எடுக்க காசு ஆகாது, மூணு மாசத்துக்கு அந்த தேதிய இப்பவே காலண்டர்ல வட்டம் போட்டுருங்க, நடுவுல ஒரு தடவை ஆறாவது வாரத்துல எடுக்கலாமான்னு ரிவ்யூவுக்கு போகும்போது கேளுங்க. பிரஷர், சுகர் மாத்திரைக்கு மக்களைத் தேடி மருத்துவம்னு 2021ல இருந்து வீட்டுக்கே வர்றாங்க, அப்படி வர்ற அக்காகிட்ட பிரஷர மட்டும் பாத்து எழுதி வைக்கச் சொல்லலாம்.

ரிவ்யூவுல டாக்டர் 1.1ஐ பாத்துட்டு "நார்மல்தான்மா"ன்னு சொன்னா சண்டைக்கு போக வேணாம், வெளிய அம்பது பேர் ஒக்காந்திருப்பாங்க, அவர் கையில இருக்குறது இன்னைக்கு பேப்பர் மட்டும்தான். "சார், ஆபரேஷனுக்கு முன்னாடி 0.7 இருந்துச்சு"ன்னு அந்த பழைய பேப்பர நீட்டுங்க, அவரே நிமிர்ந்து பாப்பார். அது டிஸ்சார்ஜ் சம்மரியில பெரும்பாலும் இருக்காது, ஆபரேஷனுக்கு ஃபிட்னஸ் பாத்த அன்னைக்கு எடுத்த லேப் ரிப்போர்ட்ல இருக்கும், அரிசி டப்பாவுக்கு மேல மஞ்சப்பைக்குள்ள மடிச்சு வச்சிருப்பாங்க அம்மா. மலையில மழை ஆரம்பிச்சா ஈரத்துல அந்த மை அழிஞ்சு போயிரும், அதுக்குள்ள போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சிருங்க.